துண்டுக்குள் பிடித்த கை

ஜனவரி 15, திங்கள்

இன்று தை ஒன்று. எனக்குத் தெரியும், இந்த ஊருக்குத் தெரியாது. சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல இருந்தது. அதையே கும்பிட்டேன். பால் பொங்கியதும் குலவை விட்டேன். மாடியிலிருந்து தம்பி இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான்.

"யக்கா, என்னாச்சு? சுட்டுக்கிட்டியா?"

"பால் பொங்குச்சுடா."

"நல்லாப் பொங்குச்சு போ. பக்கத்து வீட்டுக்காரி போலீசக் கூப்பிட்டிருவா."

"கூப்பிடட்டும். வர்றவுகளுக்கும் ரெண்டு கரண்டி வைப்போம்."

என் தம்பி சொக்கலிங்கம் இங்கே எம்.எல்.ஏ. அமெரிக்காவில் ஐம்பது மாநிலம் இருக்கிறதாம், அதில் ஒன்றின் சட்டசபையில் இவன் உட்கார்ந்திருக்கிறான். அந்த மாநிலத்தின் பெயரை எழுதிப் பார்த்தேன். எழுத்துக் கூட்டினால் எனக்கே சிரிப்பு வருகிறது, அதனால் விட்டுவிட்டேன். வடக்கே கடைசி, அதற்கு மேல் கனடா. அது போதும். இவர்கள் வாயில் சொக்கலிங்கம் நுழையாமல் "சக்" என்று கூப்பிடுகிறார்கள். கோழியை விரட்டுகிற மாதிரி இருக்கிறது.

இந்த டைரி சட்டசபையில் அவனுக்குக் கொடுத்தது. "நீ கத சொல்ல ஆரம்பிச்சா நான் மசோதாவப் படிச்சு முடிச்ச மாதிரிதான். இதுல எழுதுக்கா" என்று நீட்டினான். நான் பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகிப் புருஷனையும் பறிகொடுத்த பிறகு, அறிவொளி வகுப்பில் அரிக்கேன் விளக்கடியில் எழுத்துப் படித்தவள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

நான் வந்த காரியத்தையும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். அவனுக்கு வயது ஐம்பதாகப் போகிறது. பெண்டாட்டி விட்டுப் போய் வெகுகாலம். பிள்ளை இல்லை. அவனை ஊருக்குக் கூட்டிப்போக வந்திருக்கிறேன்.

ஜனவரி 20, சனி

எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் பத்துப் பேராவது நிற்பார்கள் என்று நினைத்திருந்தேன். பனிதான் நின்றது. எம்.எல்.ஏ.வே மண்வெட்டி எடுத்து அள்ளிப் போட்டார். எங்கள் ஊர் வார்டு மெம்பர் செருப்பு மாட்டவே ஆள் வைத்திருப்பார்.

சனிக்கிழமை ஊரே குப்பை கொட்டப் போகிறது. காரில் கொண்டுபோய் அவரவர் குப்பையை அவரவரே பிரித்துப் போடுகிறார்கள். தம்பி அங்கேதான் ஜனங்களைப் பார்க்கிறான். பாட்டில் தொட்டி பக்கத்தில் நின்றுகொண்டு, குளிரில் வாயிலிருந்து புகை விட்டபடி குறை கேட்கிறான். எல்லோரும் ஒரே விஷயத்தைத்தான் கேட்டார்கள்: பள்ளிக்கூடம்.

ஏரிக்கரையில் மரத்தால் கட்டிய சின்னப் பள்ளிக்கூடம் ஒன்று இருக்கிறது. பிள்ளைகள் குறைவு என்று மூடிவிட்டு, மலைக்கு அந்தப் பக்கத்துப் பெரிய பள்ளிக்கூடத்தோடு சேர்க்கப் போகிறார்களாம். இப்படிச் சின்னப் பள்ளிகளை மூடக்கூடாது என்று தம்பி ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறான். மார்ச்சில் ஓட்டெடுப்பு.

"இதுக்குத்தாங்க்கா நான் எலெக்சன்லயே நின்னேன்" என்றான் வண்டியில்.

எனக்குப் புரிந்தது. எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் வந்தது அவன் காலத்தில்தான். என் காலத்தில் மூன்று ஊர் தள்ளி இருந்தது. பொட்டப்பிள்ளை அவ்வளவு தூரம் எதற்கு என்றார்கள். நான் ஆடு மேய்த்தேன். அவன் படித்தான். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள், நடுவில் ஒரு கட்டடம்தான் வித்தியாசம்.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று தண்ணீர் மேல் நடந்தேன்.

ஏரி முழுக்கக் கல்லாக உறைந்து கிடக்கிறது. அதன் மேல் கார் போகிறது. நடு ஏரியில் பலகைக் குடிசை போட்டு, ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறார்கள். சின்னச் சின்னக் குடிசையாக ஒரு கிராமமே இருக்கிறது. பங்குனி வந்தால் கிராமம் கரைந்து போய்விடுமாம். நடக்கும்போது அடியில் ஏரி முனகியது. கன்று போட்ட பசு படுத்துக்கொண்டு முனகுமே, அப்படி.

ஒரு குடிசைக்குள் கூட்டிப்போனான். வில்மர் என்று ஒருத்தர் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பால்மாட்டுப் பண்ணைக்காரர். அவரும் எம்.எல்.ஏ.தானாம், அடுத்த தொகுதி, எதிர்க்கட்சி, இருபது வருஷத்துக்கு மேலாக. தம்பியின் மசோதாவை முதல் ஆளாக எதிர்ப்பவர் அவர்தான். பள்ளிக்கூடச் செலவுக்கு நிலத்து வரிதான் போகிறது, பண்ணைக்காரன் தாங்க மாட்டான் என்கிறாராம்.

"சட்டசபையில அடிச்சுக்கிறீக, இங்க வந்து ஒரே ஓட்டையில தூண்டி போடுறீகளே?"

"அது அங்க, இது இங்கக்கா."

உள்ளே நாற்காலி இரண்டு. ஒன்று செத்துப்போன அவர் மனைவியுடையது. அதில் என்னை உட்காரச் சொன்னார். தம்பி கவிழ்த்த வாளியில் உட்கார்ந்தான். வில்மர் அதிகம் பேசவில்லை. இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருக்கிறது, புல் கட்டும் மிஷின் எடுத்துக்கொண்டதாம்.

அதைப் பார்த்ததும் எங்கள் ஊர்ச் சந்தைத் தரகர் அரைவிரல் அய்யாவு நினைவு வந்தது. எங்கள் அப்பாவும் மாட்டுத் தரகர்தான். சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. இரண்டு பேரும் கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவார்கள். இத்தனை விரல் பிடித்தால் இத்தனை. சுற்றி நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, மாற்ற முடியாது. அய்யாவுக்குப் பாதி விரல். அவர் அதைக் கொடுத்தால் முழுசா அரையா என்று எவனுக்கும் புரியாது. எத்தனை சண்டை! தம்பி இதை இங்கிலீஷில் சொன்னான். வில்மர் தன் விரலைப் பார்த்தார். பிறகு குடிசை அதிரச் சிரித்தார்.

பிப்ரவரி 4, ஞாயிறு

வில்மர் கொடுத்த மீனில் புளி ஊற்றிக் குழம்பு வைத்துத் தூக்குச்சட்டியில் கொண்டுபோனேன். ஐஸ் மேல் உட்கார்ந்து வேர்க்க வேர்க்கச் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர். வேண்டாம் என்று சட்டியை இழுத்தேன், விடவில்லை.

"அக்கா" என்றார். தம்பி அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு அதுதான் என் பெயர் என்று நினைத்திருக்கிறார். என்னைவிட மூத்த மனுசன்! திருத்தச் சொன்னேன். தம்பி, "விடுக்கா, நல்லாத்தான இருக்கு" என்று சிரித்தான்.

நல்லா இல்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று தம்பி மாடு வாங்கினான்.

குடிசையில் இருவரும் மெல்லப் பேசிக்கொண்டிருந்தார்கள். வில்மர் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். தம்பி ரொம்ப நேரம் ஓட்டைக்குள் தண்ணீரையே பார்த்தான். பிறகு தலையாட்டினான். இருவரும் கையைப் பிடித்தார்கள். பண்ணைக்காரர், நெஞ்சைத் தொட்டுச் சத்தியமாக நல்ல மாடு என்கிறார், தம்பி யோசிக்கிறான், முடிவாகிறது. வேறு என்ன இருக்கும்? ஊர்ப்பட்ட சந்தை பார்த்தவள் நான். கழுத்தில் சுற்றியிருந்த துண்டை எடுத்து இருவர் கைமேலும் போட்டேன்.

வில்மர் துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரிக்காமல் தொப்பியைக் கழற்றினார்.

மாடு வாங்குகிறவன் ஊரை விட்டு வருவானா? அந்த நினைப்பில் ராச்சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 14, புதன்

கார் நிறுத்துகிற கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கூட்டிவைத்தேன். வைக்கோலுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிப்ரவரி 17, சனி

"யக்கா, வண்டிய ஏன் வெளிய எடுத்து விடச் சொன்ன?"

"மாடு வந்தா எங்கடா கட்டுவ?"

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடித்ததும் முகம் தொங்கிப்போனது. வாசற்படியில் உட்கார்ந்து சொன்னான்.

வில்மருக்கு இருதயத்தில் ஆபரேஷன். மார்ச் மாதம் ஓட்டெடுப்பு நடக்கிற வாரத்தில் அவர் ஆஸ்பத்திரியில் இருப்பார். அவர் வந்தால் மசோதாவுக்கு எதிராக ஒரு ஓட்டு. தம்பி ஓட்டு ஆதரவு. ஒருத்தர் வர முடியாவிட்டால், எதிர்ப்பக்கத்து ஆள் ஒருத்தரிடம் "நீயும் போடாதே" என்று கேட்டு ஜோடி சேர்ந்துகொள்வது அந்தச் சபையில் வழக்கமாம். இரண்டு ஓட்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். எழுத்தில் ஒன்றும் கிடையாது, வாய்ச்சொல்தான்.

"போயும் போயும் ஒன் மசோதாவுக்கா?"

"அந்தாளு படுக்கையில கெடக்கையில நான் ஜெயிச்சா அது ஒரு ஜெயிப்பாக்கா? எங்ககிட்ட நாலஞ்சு ஓட்டு கூடத்தான் இருக்கு. ஒண்ணும் ஆகாது."

மாடு இல்லை என்றதும் மனசு லேசானது. ஆபரேஷன் என்றதும் அந்த லேசு போய்விட்டது. பெரியவர், பாவம், தனி ஆள். அதனால்தான்.

பிப்ரவரி 25, ஞாயிறு

கனவு. எங்கள் ஊர்க் கண்மாய் உறைந்து கிடக்கிறது. அப்பா அதன் மேல் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிறார். மாடுகளின் காலடியில், ஐஸுக்கு உள்ளே, பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. நான் குனிந்து தட்டுகிறேன். பாவாடை கட்டிய ஒரு பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. என் முகம்தான் அதற்கு.

எழுந்து பார்த்தால் ஜன்னலில் பனி பூப்போட்டிருந்தது.

மார்ச் 5, செவ்வாய்

வில்மரை நேற்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குடிசைக்குப் பூட்டு.

சாயங்காலம் தம்பி கட்சியின் கொறடா வந்தாள். டயான் என்று பெயர், கொக்கு மாதிரி உயரம், நல்ல பொம்பளை, எனக்குப் பூச்செடி வாங்கி வந்தாள். இருவரும் சமையல்கட்டில் பேசினார்கள். அவள் மேசையைத் தட்டித் தட்டிப் பேசினாள். தம்பி தட்டவில்லை. போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"ரெண்டு பேர் அந்தப் பக்கம் மாறிட்டாகக்கா" என்றான் தம்பி. "இப்ப சரிக்குச் சரி. என் ஓட்டு விழுந்தா ஜெயிப்போம். விழலைன்னா தோத்துருவோம்."

"அவ என்ன சொல்றா?"

"வாய்ப்பேச்சுதானே, யாரு பாத்தாங்கிறா. எங்கக்கா பாத்தான்னேன். அவுகளுக்குத்தான் இங்கிலீஷ் தெரியாதே, அப்ப யாரும் பாக்கலைங்கிறா."

நான் வெண்டைக்காய் வதக்கிக்கொண்டிருந்தேன். அவன் சின்னப்பிள்ளை மாதிரி என் எதிரில் வந்து நின்றான்.

"யக்கா, நீ துண்டப் போட்டப்ப நான் கையப் பிடிச்சிருந்தேனா, விட்டுட்டேனா?"

இதை மெதுவாக எழுதுகிறேன். விட்டுட்டே என்று நான் சொல்லியிருந்தால் அவன் நாளை மறுநாள் எழுந்து ஓட்டுப் போட்டிருப்பான். பள்ளிக்கூடம் பிழைத்திருக்கும். நினைவில்லை என்றிருந்தால்கூடப் போதும். பள்ளிக்கூடம் இல்லாமல் வளர்ந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

"பிடிச்சிருந்தே" என்றேன். "இறுக்கித்தான் பிடிச்சிருந்தே."

அவன் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனான்.

உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் இவன் தோற்றால் ஊருக்கு வருவான் என்று ஒரு மனசு சொன்னது. படுக்கையில் கிடக்கிறவருக்குத் துரோகம் நடக்காது என்று இன்னொரு மனசு சொன்னது. எந்த மனசு வாயைத் திறந்தது என்று தெரியவில்லை. வெண்டைக்காய் கருகிவிட்டது.

மார்ச் 7, வியாழன்

சட்டசபை பெரிய கல்யாண மண்டபம் மாதிரி இருக்கிறது, ஆனால் யாரும் சாப்பிடவில்லை. மேலே பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தேன். என்னைச் சுற்றி எங்கள் ஏரிக்கரை ஜனம், மடியில் பிள்ளைகளோடு. முன்வரிசையில் கேரன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். தன் பக்கத்தில் எனக்கு இடம் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

ஒருவர் பெயர் வாசிக்க, ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். அந்தக் குரல் தாலாட்டு மாதிரி போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடிக் கூரை வழியாகப் பனி விழுவது தெரிந்தது. நான் ஏரிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறேன், மேலே யாரோ நடக்கிறார்கள் என்று தோன்றியது. "சக்" என்று ஏதோ காதில் விழுந்ததும் விழித்தேன்.

தம்பி எழுந்து நின்றான். பிறகு மூன்று நான்கு வாக்கியம் சொன்னான். அதில் வில்மர் பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. உட்கார்ந்தான். டயான் கண்ணை மூடிக்கொண்டாள்.

சரிக்குச் சரி. சமமானால் தோற்றதாக அர்த்தமாம்.

கேரன் எழுந்து வெளியே போனாள். நான் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 9, சனி

குப்பை கொட்டப் போனோம். தம்பி பாட்டில் தொட்டி பக்கத்தில் வழக்கம்போல நின்றான். எல்லோரும் பாட்டிலை அடுத்த வாரம் போட்டுக்கொள்ளலாம் என்று போய்விட்டார்கள்.

கேரன் மட்டும் வந்தாள். ஒரே வாக்கியம் சொன்னாள்.

"என்ன சொன்னா?"

"'ஒங்க வார்த்தை ஒங்களுக்குப் பத்திரமா இருக்கட்டும், என் பிள்ள அடுத்த வருசம் இருட்டுல பஸ் ஏறும்'னா."



மார்ச் 10, ஞாயிறு

ஆஸ்பத்திரி. வில்மர் பிழைத்துவிட்டார். முகம் சுண்டி, சின்னப்பிள்ளை போல ஆகிவிட்டார். மீன் குழம்பு உள்ளே விடமாட்டார்கள் என்று ரசம் கொண்டுபோனேன், அதையும் விடவில்லை.

தம்பி நடந்ததைச் சொன்னான். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன், ஜெயித்தவர் அவர்தானே. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தம்பி காப்பி வாங்கப் போன பிறகும் திரும்பவில்லை. குளிருமே என்று என் துண்டை அவர் கைமேல் போட்டுவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் கம்பளி இருக்கிறதுதான்.

மார்ச் 23, சனி

ஏரி ஓரம் கறுக்கிறது. எல்லோரும் குடிசையை இழுத்துக் கரையேற்றுகிறார்கள். வில்மர் குடிசையைத் தம்பி போய் இழுத்து வந்தான். அவனுக்கு உதவ ஆள் வரவில்லை. நான் பின்னால் தள்ளினேன். நாற்காலி இரண்டும் உள்ளே ஒன்றோடொன்று இடித்துக்கொண்டே வந்தன.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. வேப்பம்பூ இல்லை. இங்கே மரத்தில் துளை போட்டு இனிப்புத் தண்ணீர் இறக்கிக் காய்ச்சுகிறார்கள், அதில் ஒரு பாட்டிலை வில்மர் கொடுத்தனுப்பியிருந்தார். பச்சடியில் விட்டேன். கசப்பே இல்லாத வருஷப்பிறப்பு. அது நல்லதா என்று தெரியவில்லை.

மே 25, சனி

"தோத்துட்டியே, ஊருக்கு வாடா" என்று இன்று கேட்டே விட்டேன்.

"இதுக்குத்தான அன்னைக்குப் 'பிடிச்சிருந்தே'ன்ன?"

இத்தனை மாதமும் தெரிந்தே இருந்திருக்கிறான்.

"கோவமாடா?"

"இல்லக்கா. கையப் பிடிச்சது எனக்குத் தெரியாதா? நீ பொய் சொன்னா சந்தோசமா நம்பலாம்னுதான் கேட்டேன். நீ சொல்லல." சிரித்தான். "நவம்பர்ல மறுபடி நிக்கிறேன். நேத்துத்தான் மனு போட்டேன்."

"ஒரு பய ஓட்டுப் போட மாட்டான்."

"தோத்தா என்ன, தோத்துட்டு இங்கயே குப்பை கொட்டிக்கிட்டு இருக்கேன்."

ஜூன் 15, சனி

பள்ளிக்கூடத்துக்கு இன்று கடைசி நாள். ஊரே வந்து சாமானை வெளியே எடுத்தது. தம்பியும் போனான். யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. சின்னச் சின்ன நாற்காலிகளை நாலு நாலாகத் தூக்கி வந்து புல்லில் அடுக்கினான். ஏரியில் காற்றுப் பட்டு வெயில் நொறுங்கிக்கொண்டிருந்தது. நான் நடந்த இடத்தில் ஒருவன் படகில் போனான்.

பெரிய மேசை ஒன்று இருந்தது. தம்பி தனியாக அதை நகர்த்தப் பார்த்தான், வாசல் நிலையில் இடித்தது. கேரன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு வந்து மறுமுனையைப் பிடித்தாள். இருவரும் பக்கவாட்டில் சாய்த்து, நிலையில் படாமல் மெல்ல வெளியே கொண்டுவந்தார்கள்.

ஜூன் 30, ஞாயிறு

நாளை விமானம். தம்பி வரவில்லை, நான் மட்டும்.

வில்மர் வந்தார். மெலிந்திருக்கிறார், ஆனால் தானே வண்டி ஓட்டி வந்தார். அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லையாம். ஆஸ்பத்திரியில் விட்டு வந்த துண்டைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்றுகொண்டு, நெட்டுருப் போட்டதைப் பிள்ளைகள் ஒப்பிக்குமே, அப்படி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்:

"சீ-னி-யம்-மா."

தம்பி சொல்லிக்கொடுத்திருக்கிறான். அந்தப் பெயரை ஒருவர் வாயில் கேட்டு வெகுகாலம். எல்லோருக்கும் நான் அக்காதான்.

பிறகு துண்டைக் கொடுக்காமல் இடது கையை நீட்டினார். துண்டை அதன் மேல் போட்டார். நான் சந்தைக்காரர் மகள், இதற்கு மேல் சொல்ல வேண்டுமா? என் கையை உள்ளே விட்டேன். வெளியே வெயில், உள்ளே இருட்டு, விரல்கள் மட்டும். அவர் பிடித்தார். நான் கொஞ்சம் யோசித்தேன். திருப்பிப் பிடித்தேன்.

தம்பி வாசலில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, மாடு வாங்கிட்டியா?"

"போடா."

பெட்டி கட்டி முடித்துவிட்டேன். போகும்போது அவனிடம் ஒன்று மட்டும் கேட்க வேண்டும், ஏரி திரும்ப எந்த மாதம் உறையும் என்று. மற்றபடி, துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்வது சந்தை வழக்கம் இல்லை, எழுதுவதும் கிடையாது. எனக்கே ஒரு கணக்கு இன்னும் புரியவில்லை. அவர் கொடுத்ததில் ஒரு விரல் பாதிதான். அதை முழுசாக எடுத்துக்கொள்வதா, அரையாகவா?